வெட்டுப் பந்துக்கு எந்தக் குறி? பூல் ஆடத் தொடங்கிய கேரம்காரர்களுக்கு

நேராக நிற்கும் பந்து விழுந்துவிடுகிறது. கொஞ்சம் வெட்டி அடிக்க வேண்டிய பந்துதான் குழி வாயில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பூல் பார்லருக்குப் போகத் தொடங்கிச் சில மாதம் ஆனவர்கள் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. அங்கே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். "பந்துக்குப் பின்னாடி இன்னொரு பந்து இருக்கிற மாதிரி நெனச்சுக்கோ" என்பார் ஒருவர். "பாதிப் பந்தப் பாரு தம்பி, போதும்" என்பார் ஸ்நூக்கர் டேபிள் பக்கமிருந்து வரும் பெரியவர். யூடியூப் பார்த்துவிட்டு வந்தவர் க்யூவை, அதாவது அடிக்கும் கோலை, அதன் நுனியில் பாதி அகலம் (அரை டிப்) தள்ளி வைத்துத் திருப்பச் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மாப்ள, அடிச்சு அடிச்சுப் பழகுனாத் தன்னால வரும்" என்பது கூட வந்த நண்பனின் தீர்ப்பு. மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் எல்லாவற்றையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒன்றைப் பிடித்தாக வேண்டும்.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆடுகிறவருக்கு ஹாஃப் பால், குவார்ட்டர் பால் என்று பின்னமாகப் பார்க்கும் முறைதான் சரி. பின்னாடி இன்னொரு பந்தை நினைத்துக்கொள்ளும் கோஸ்ட் பால் முறையைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். க்யூவைத் திருப்பும் முறையை விட்டுவிடலாம். ஏன் என்று பார்க்கப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

அதற்கு முன் கேரமைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் பூலுக்கு வருகிறவரில் பலர் கேரம் வழியாகத்தான் வருகிறார்கள். செல்லூரோ வில்லாபுரமோ, தெருமுனையில் பல்பைத் தொங்கவிட்டு, போரிக் பவுடர் தூவி, ரெட்டுக்கு ஃபாலோ போட்டு வளர்ந்த கண். பூல் டேபிளில் அந்தக் கண் பாதி உதவும், பாதி கெடுக்கும். கேரம் போர்டின் ஆடுபரப்பு அதிகபட்சம் 74 செ.மீ. சதுரம். உட்கார்ந்து ஏறக்குறைய மேலிருந்து பார்க்கிறோம். ஸ்டிரைக்கர் காயை எங்கே தொடும் என்பது வரைபடம் போலத் தெரியும். பூலில் முகவாய் க்யூவோடு ஒட்டி இறங்கிவிடுகிறது. ஒன்பதடி டேபிளில் ஆடுபரப்பு 254க்கு 127 செ.மீ. மேலிருந்து பார்த்த கோணம் போய், எதிரே ஒரு உருண்டை மட்டும் நிற்கிறது.

அளவும் வேறு. போட்டி ஸ்டிரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ. வரை போகும், காய் 3.18 செ.மீ. வரை. அடிப்பது பெரியது, அடிபடுவது சிறியது. பூலிலோ க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தும் மற்றப் பந்துகளும் ஒரே அளவு, 57.15 மி.மீ. வெட்டு என்பது அடிப்பது வரும் கோட்டுக்கும் அடிபடுவது கிளம்பும் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணம். கேரமில் ஒரு காயை 30 டிகிரி வெட்ட வேண்டுமானால், ஸ்டிரைக்கரின் மையம் காயின் மையத்திலிருந்து 1.83 செ.மீ. விலகிப் போக வேண்டும். காயின் ஆரமே 1.59 தான். அதாவது குறி காயின் விளிம்பையும் தாண்டி வெளியே விழுகிறது. பூலில் அதே 30 டிகிரிக்கு, வெள்ளையின் மையம், குழியில் போட வேண்டிய எதிர்ப் பந்தின் விளிம்பைச் சரியாக நோக்கினால் போதும். கேரமில் பழகிய விகிதத்திலேயே விளிம்புக்கு வெளியே குறி வைத்தால், கணக்குப்படி 35 டிகிரி வெட்டு விழும். கேரமில் கெட்டிக்காரர் பூலில் பந்தை மெல்லிசாகச் சீவிவிட்டு விழிக்கிறார் என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

கேரமே ஆடாதவர் செய்வது இதற்கு நேர் எதிர். குழியிலிருந்து பந்தின் நடுவே ஒரு கோடு இழுத்து, அது பந்தின் பின்பக்கம் வெளியேறும் புள்ளியைப் பார்க்கிறார். அந்தப் புள்ளியில் அடித்தால் பந்து குழிக்குப் போகும் என்பது சரிதான். ஆனால் வெள்ளையின் மையத்தை அந்தப் புள்ளிக்கு நேராக அனுப்புகிறார். வெள்ளைக்கும் உடம்பு உண்டே. மையம் போய்ச் சேருமுன் அதன் பக்கவாட்டு வேறோர் இடத்தில் இடித்துவிடும். 30 டிகிரி வேண்டிய பந்தை இப்படி அடித்தால் கிடைப்பது 14.5 டிகிரி. பார்லர் பாஷையில் சொன்னால் 'திக்'காகப் பட்டுவிட்டது. குறி வைக்கும் முறைகள் எல்லாமே இந்த ஒரு பிழையைத் திருத்துவதற்காக வந்தவைதான். எந்தப் பாதையில் போய்த் திருத்துகின்றன என்பதில்தான் வித்தியாசம்.

கோஸ்ட் பால்

வெள்ளை வந்து தொடும் கணத்தில் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே ஒரு பந்து ஏற்கெனவே இருப்பதாக நினைத்துக்கொள்வது. குழி, எதிர்ப் பந்தின் மையம், மாயப் பந்தின் மையம் மூன்றும் ஒரே கோட்டில். வெள்ளையை அந்த மாயப் பந்தின் நடுவை நோக்கி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கணிதத்தில் ஓட்டை இல்லாத முறை. எந்தக் கோணத்துக்கும் ஒரே விதி. புதிதாக வரும் பையனுக்கு ரெண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

சிக்கல் கண்ணில் இருக்கிறது. இல்லாத பந்தை எவ்வளவு துல்லியமாக நினைத்துப் பார்க்க முடியும்? பூலில் ஏறக்குறைய நேர்ப் பந்துக்கு, தொடும் இடத்தில் 1 மி.மீ. விலகினால் எதிர்ப் பந்தின் போக்கு 1 டிகிரி விலகும். 60 டிகிரி வெட்டுக்கு அதே 1 மி.மீ. 2 டிகிரி ஆகிவிடும். போட்டி டேபிளின் மூலைக் குழி வாய் 4.5 அங்குலத்திலிருந்து தொடங்குகிறது, சரியாக ரெண்டு பந்து அகலம். அப்படியானால் நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 28 மி.மீ. சொச்சம்தான் இடம். குழிக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பந்துக்கு அது சுமார் 1.6 டிகிரி. ஆக, நேர்ப் பந்திலேயே ஒன்றரை மில்லிமீட்டர் சுத்தம் வேண்டும். 60 டிகிரி வெட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. டேபிளின் அந்தக் கோடியில், காற்றில் நிற்கும் ஒரு கற்பனை உருண்டையை இந்தச் சுத்தத்தோடு பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நன்றாக ஆடுகிறவர்கள் கோஸ்ட் பால் பார்ப்பதாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் கண் பல ஆயிரம் அடிகளில் பழகிப்போனது. கற்பனைப் பந்து அந்தப் பழக்கத்தைக் கிளப்பிவிடும் ஒரு சாக்கு.

இன்னொன்று, நின்று பார்க்கும்போது துணியில் ஒரு புள்ளியாகத் தெரிந்த இடம், குனிந்ததும் காணாமல் போய்விடும். நின்றபோது பிடித்த கோட்டின் மேலேயே குனியத் தெரியாதவருக்கு இந்த முறை பாதியில் கை கழுவும்.

அதனால்தான் பயிற்சிக்கு மட்டும் என்கிறேன். பயிற்சியில் மாயப் பந்துக்குப் பதில் நிஜப் பந்தையே வைக்கலாம். எதிர்ப் பந்தோடு ஒட்டி, குழிக் கோட்டில் இன்னொரு பந்தை வைத்துவிட்டு, க்யூ எடுக்கும் இடத்தில் குனிந்து அது எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். எதிர்ப் பந்தை எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு வெளியே நிற்கிறது? பிறகு அதை எடுத்துவிட்டு அடியுங்கள். கண் பார்த்துப் பழகியது அந்த மறைப்பைத்தான். அங்கேயே அடுத்த முறை ஆரம்பித்துவிடுகிறது.

பின்னக் கணக்கு

வெள்ளை வந்து தொடும்போது, க்யூவின் பக்கமிருந்து பார்த்தால் எதிர்ப் பந்தில் எத்தனை பங்கை மறைக்கிறது? முழுசாக மறைத்தால் ஃபுல் பால், வெட்டு 0 டிகிரி. முக்கால் மறைத்தால் 14.5 டிகிரி. பாதி என்றால் 30. கால் என்றால் 48.6. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கண்ணில் ஏற்றிக்கொண்டால் போதும். ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ. தான், ஆனால் அங்கேயும் வெள்ளையும் நிறப் பந்தும் ஒரே அளவு என்பதால் இதே கோணங்கள் அப்படியே பொருந்தும். நம்மூர்ப் பெரியவர்கள் ஸ்நூக்கர், பில்லியர்ட்ஸ் வழியாக வந்தவர்கள். ஸ்நூக்கர் விதிகள் உருப்பெற்றதே 1882ல் ஊட்டி கிளப்பில்தானே. அவர்கள் வாயில் ஹாஃப் பால், திக், தின் என்ற பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. டேபிள் பக்கத்தில் நிற்கிறவரிடம் "அண்ணே, இது எவ்வளவு?" என்றால் "முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி" என்று பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். இது சின்ன லாபமில்லை.

பெரிய லாபம், குறி நிஜமான ஒன்றின் மேல் விழுகிறது. ஹாஃப் பாலுக்கு க்யூவின் நேர்க்கோடு எதிர்ப் பந்தின் விளிம்பைப் பார்க்கிறது. விளிம்பு கண்ணுக்குத் தெரியும், குனிந்தாலும் தெரியும், ஆறடி தள்ளி நின்றாலும் தெரியும். முக்காலுக்கு, மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதி. காலுக்கு மட்டும் குறி விளிம்பைத் தாண்டி அரை ஆரம் வெளியே போகிறது. கொஞ்சம் கற்பனை அங்கே வேண்டும்.

அடுத்த லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளை எங்கே போய் நிற்கும் என்பதையும் பின்னம் சொல்லிவிடும். வெள்ளை வழுக்காமல் இயல்பாக உருண்டு போய், கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை எங்கே பட்டாலும், தான் வந்த பாதையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி விலகும். ஹாஃப் பாலில் இந்த விலகல் உச்சத்தில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் திக்காகவோ தின்னாகவோ பட்டாலும் வெள்ளையின் போக்கு அதிகம் மாறாது. பந்து விழாமல் போனாலும் வெள்ளை எங்கே போகும் என்று தெரிந்து ஆடலாம். வெள்ளை உருளாமல் வழுக்கிப் போய்ப் படும்படி, அதாவது ஸ்டன் ஆக, அடித்தால் கணக்கு வேறு. அப்போது எதிர்ப் பந்தின் பாதைக்குச் செங்குத்தாக வெள்ளை கிளம்பும். கோஸ்ட் பால் முறை இந்த விஷயத்தில் வாயே திறக்காது.

குறையும் உண்டு. ஹாஃப் பாலுக்கும் முக்காலுக்கும் நடுவே பதினைந்து டிகிரிக்கு மேல் இடைவெளி. எட்டில் ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டாலும் வரிசை 7, 14.5, 22, 30, 39, 49, 61 என்றுதான் போகிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் பந்துக்குக் குழி தரும் சலுகை ரெண்டு பக்கமும் சேர்த்து மூன்றேகால் டிகிரி. ஏழெட்டு டிகிரி படிக்கட்டில் ஏறி அந்தச் சந்தில் நுழைய முடியாது. ஆனால் குழிக்கு 30 செ.மீ. தள்ளி நிற்கும் பந்துக்குச் சலுகை பத்து டிகிரிக்கும் மேல். அங்கே எட்டில் ஒரு பங்குக் கணக்கே போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வாரம் ஒரு நாள் ஆடுகிறவர் ஆட்டத்தில் விழும் பந்துகளில் பெரும்பாலானவை குழிக்குப் பக்கத்துப் பந்துகள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தூரத்துப் பந்துக்கு "பாதியைவிடச் சொட்டுத் திக்" என்று பின்னத்திலிருந்து கிளம்பி மிச்சத்தைக் கண்ணிடம் விட வேண்டியதுதான். வேறு எந்த முறையிலும் அந்த மிச்சம் கண்ணிடம்தான் போகிறது. இங்கே அது ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது, அவ்வளவே.

கால் பங்குக்கும் கீழே மெல்லிசாகச் சீவ வேண்டிய பந்துக்கு மட்டும் நான் பின்னத்தை விட்டுவிடுவேன். அங்கே ரெண்டு பந்தின் விளிம்புகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று நேராகப் பார்ப்பது சுலபம். தொடும் புள்ளியைக் கண்டுபிடித்து, அது மையத்திலிருந்து விலகிய தூரத்தை இரட்டித்துக் குறி வைப்பது என்று ஒரு வழி உண்டு, கணக்குச் சரிதான். ஆனால் 30 டிகிரியைத் தாண்டியதும் அந்த இரட்டிப்புப் புள்ளி பந்துக்கு வெளியே வெறும் துணிக்கு மேலே மிதக்கும். ரெண்டு பந்திலும் உள்ள தொடும் புள்ளிகளைக் கோட்டால் சேர்த்து, அதற்கு இணையாக அடிப்பதும் அப்படித்தான். வெள்ளையில் தொடும் புள்ளி எப்போதும் நமக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில்.

க்யூவைத் திருப்பும் முறை

அமெரிக்கர் ஹால் ஹூல் பரப்பியது, ஸ்டான் ஷஃபெட் 'ப்ரோ ஒன்' என்ற பெயரில் விரித்தது. வெள்ளையின் மையத்திலிருந்து எதிர்ப் பந்தின் விளிம்புக்கு ஒரு பார்வைக் கோடு. வெள்ளையின் விளிம்பிலிருந்து எதிர்ப் பந்தில் குறிப்பிட்ட ஒரு புள்ளிக்கு இன்னொரு கோடு. ரெண்டையும் ஒருசேரப் பிடித்துக் குனிந்து, அரை டிப் அளவு தள்ளி வைத்த க்யூவை மையத்துக்குத் திருப்பினால் குறி அமைந்துவிடும் என்பது வாக்கு. சில வகைப் பார்வைகளே எல்லாப் பந்துக்கும் போதும் என்கிறார்கள்.

இதற்கு எதிரான வாதத்தை விரிவாக எழுதியவர்களில் ஒருவர் டேவிட் அல்சியாட்டோரே. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். வாதம் எளிது. எண்ணி வைத்த சில பார்வைகள் எண்ணி வைத்த சில கோணங்களைத்தான் தர முடியும். நடுவில் இருக்கும் கோணங்கள் விழுகின்றன என்றால், ஆடுகிறவர் தனக்கே தெரியாமல் கண்ணாலும் திருப்பும் அளவாலும் ஒட்டுப்போடுகிறார். எனக்கு இந்த வாதம் சரியாகவே படுகிறது. ஆனாலும் இந்த முறையால் முன்னேறியவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் நின்று, பார்த்து, ஒரே வரிசையில் குனிய வைக்கிறது. அந்த ஒழுங்கே பாதிப் பந்துகளை உள்ளே தள்ளும். சொந்த டேபிள் வைத்திருப்பவர் ஆறு மாதம் இதோடு மல்லுக்கட்டலாம். மணிக்குக் காசு கொடுப்பவருக்குக் கட்டாது.

முறைகள் சொல்லாத ஒன்று

பந்து அழுக்காக இருந்தால் மேலே சொன்ன எல்லாமே தப்பும். ரெண்டு பந்து உரசும்போது உராய்வு எதிர்ப் பந்தை வெள்ளை போகும் திசைக்குக் கொஞ்சம் இழுத்துப் போகிறது. கணக்குப்படி வெட்ட வேண்டியதைவிடத் திக்காகப் போகும். ஹாஃப் பால் பக்கத்துக் கோணங்களில், வெள்ளையை மெதுவாக ஸ்டன் அடிக்கும்போது இழுப்பு அதிகம். மோசமான நிலையில் ஓர் அடி ஓட்டத்துக்கு ஓர் அங்குலம் வரை விலகும், அதாவது ஏறக்குறைய 5 டிகிரி. ஒரு மீட்டர் பந்துக்கு 1.6 டிகிரிதான் சலுகை என்று பார்த்தோம். எந்த முறையில் குறி வைத்திருந்தாலும் அந்தப் பந்து வெளியேதான்.

கை எண்ணெய், சாக் தூள், ஆடிக் காற்றில் கதவிடுக்கு வழியாக வரும் புழுதி எல்லாம் ஏறிய பந்துகளை மாதக்கணக்கில் துடைக்காமல் ஆடும் டேபிள்கள் இருக்கின்றன. அங்கே போய் கோஸ்ட் பாலைச் சுத்தமாக அளந்து அடித்துவிட்டு, முறை சரியில்லை என்று மாற்றுகிறவர்கள் பாவம். பையில் ஒரு மைக்ரோஃபைபர் துணி வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு முன் பந்துகளைத் துடையுங்கள். துடைக்க விடாத இடம் என்றால், ஹாஃப் பால் கோணத்தில் மெதுவாக உரசும் அடியைத் தவிர்த்து, கொஞ்சம் வேகமாகவோ கொஞ்சம் ஃபாலோ கொடுத்தோ (கேரம் ஃபாலோ இல்லை, வெள்ளையை மையத்துக்கு மேலே தொட்டு முன்னோக்கி உருளவிடுவது) அடித்தால் இழுப்பு குறையும். வெள்ளையின் மையத்துக்கு இடமோ வலமோ தொட்டுச் சுழலவிட்டு, அதாவது சைடு போட்டும், இதைச் சரிக்கட்டலாம். ஆனால் சைடு போட்ட கணமே வெள்ளை எதிர்ப்பக்கம் விலகிக் கிளம்பும் என்பதால், மையத்தில் அடித்து வெட்டுப் பந்து நிலைக்கும்வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பார்லர் க்யூவை டேபிளில் உருட்டிப் பார்த்து நேரானதாக எடுப்பதை நான் சொல்லவே வேண்டாம்.

தப்பு குறியிலா கையிலா என்று தெரியாமல் முறையை மாற்றுவதும் வீண். வெட்டுப் பந்து திரும்பத் திரும்ப ஒரே பக்கம் தப்பினால் குறியையோ அழுக்கையோ பாருங்கள். ஒருமுறை திக், மறுமுறை தின் என்று ரெண்டு பக்கமும் தப்பினால் கை கோணுகிறது. நீளமான நேர்ப் பந்தில், ஸ்டன் அடித்த வெள்ளை முட்டிய இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் நழுவினால் அதுவும் கைதான், அல்லது தலை க்யூவுக்கு நேராக இல்லை. அதைச் சரி செய்யாமல் பின்னம் பார்த்தாலும் பேய் பார்த்தாலும் ஒன்றுதான்.

"அடிச்சு அடிச்சுப் பழகு" என்ற நண்பனுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவன் சொல்வதில் பாதி நியாயம். கடைசியில் எல்லாரும் கண்ணால்தான் அடிக்கிறார்கள். ஆனால் அது தினமும் ஆடுகிறவனுக்குச் சரி. ஒரு வாரம் விட்டு வருகிறவன் எதிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று சொல்லிக்கொள்ள ஓர் அளவு இல்லாவிட்டால், போன வாரம் கற்றதை இந்த வாரம் தொலைத்திருப்பான்.

பின்ன முறையை ஆரம்பிக்க ஹாஃப் பால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோணமானி வேண்டாம். எதிர்ப் பந்தைக் குழிக்கு ரெண்டடி தள்ளி வையுங்கள். அதன் பின்னால் குழிக் கோட்டில் ரெண்டாவது பந்தை ஒட்டி வையுங்கள். ரெண்டையும் தொடும்படி பக்கத்தில் மூன்றாவது பந்து. மூன்றும் முக்கோணமாக நிற்கும். எதிர்ப் பந்தும் மூன்றாவது பந்தும் தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து, ரெண்டாவது பந்தின் நடு உச்சி வழியாகக் க்யூவைப் பிடித்துப் பின்னால் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டில் எங்கே வெள்ளையை வைத்தாலும் அது சரியாக 30 டிகிரி, ஹாஃப் பால். ரெண்டாவது, மூன்றாவது பந்துகளை எடுத்துவிட்டு, எதிர்ப் பந்தின் விளிம்பைப் பார்த்து அடியுங்கள். முதலில் ஓரடி தூரத்திலிருந்து, பிறகு மூன்றடி. துடைத்த பந்தில் கொஞ்சம், துடைக்காத பந்தில் கொஞ்சம் அடித்துப் பார்த்தால் உங்கள் டேபிளில் இழுப்பு எவ்வளவு என்பதும் பிடிபட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதை விரித்துக்கொண்டு நின்றால் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள் முறைப்பார்கள். வெயிலுக்குப் பயந்து யாரும் வராத வார நாள் மத்தியானத்தில் போங்கள்.